சென்னையிலிருந்து வெலிங்டன்: மூன்று விமானம் மாறி நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனுக்குப் போக வேண்டுமென்றால் மூன்று விமானங்களாவது ஏற வேண்டியிருக்கும். சிங்கப்பூர் வரை நாலேகால் மணி நேரம், அங்கிருந்து ஆக்லாந்துக்குச் சுமார் பத்து மணி நேரம், கடைசியாக ஒரு மணி நேர உள்நாட்டு விமானம். வானத்தில் கழிவது பதினைந்து பதினாறு மணி நேரம்தான். ஆனால் வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து நண்பரின் வீட்டு வாசலை மிதிப்பது வரை கணக்கிட்டால் அது ஒன்றரை நாளைத் தாண்டிவிடும். மீதி நேரமெல்லாம் விமான நிலையங்களில் போகிறது.

இந்த மீதி நேரத்தை எப்படி அமைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் பயணத்தின் சுகமும் சிரமமும் அடங்கியிருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. சுற்றுலாப் பயணி விடுதிக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளலாம். நண்பரைப் பார்க்கப் போகிறவருக்கு அது முடியாது. அந்த நண்பர் விடுப்பு எடுத்துக்கொண்டு, சமைத்து வைத்துக்கொண்டு, விமான நிலையத்தில் காத்திருப்பார். அவர் முன்னால் தெம்போடு போய் நிற்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்காகத்தான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: டிக்கெட்டுக்கு முன்னால் நண்பரின் நாள்காட்டி

முதலில் நண்பரிடம் பேசுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் நியூசிலாந்தில் பெரும்பாலான அலுவலகங்கள் மூடியிருக்கும். நண்பருக்கு ஓய்வு கிடைக்கும், டிக்கெட் விலையோ உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் விலை இறங்கும், கோடை வெயிலும் மிச்சமிருக்கும், ஆனால் நண்பர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். என்னைக் கேட்டால் பிப்ரவரிதான். வெலிங்டனில் காற்று சற்று அடங்கியிருக்கும் மாதங்களில் அதுவும் ஒன்று. எந்த மாதமானாலும் வெள்ளி மாலையோ சனிக்கிழமையோ போய்ச் சேரும்படி பாருங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் போய் இறங்கினால் உங்களை அழைத்து வர அவர் அரை நாள் விடுப்பைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

படி 2: ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர்.

மூன்று விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணுக்குள் வரும்படி வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் குறையலாம். அந்தச் சேமிப்பு எங்கே கரைகிறது என்று பாருங்கள். ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், உங்களை அடுத்து இடமிருக்கும் விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். புது டிக்கெட்டை அன்றைய விலையில் வாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பெட்டி. தனித்தனி டிக்கெட்டில் பல நிறுவனங்கள் பெட்டியை அடுத்த விமானத்துக்கு மாற்றிக் கொடுப்பதில்லை. அப்படியானால் சிங்கப்பூரில் குடிநுழைவைக் கடந்து வெளியே போய், பெட்டியை எடுத்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இந்தியர்கள் சிங்கப்பூருக்குள் நுழையப் பொதுவாக விசா வேண்டும் (விதிவிலக்கு படி 8இல்). திருச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ மலிவு விலை விமானத்தில் கிளம்பி, சிங்கப்பூரில் வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவர்கள் இதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தேடும்போது சிட்னி, மெல்பர்ன் வழியாகவும் டிக்கெட்டுகள் காட்டும். ஆஸ்திரேலியாவில் விமானம் மாறுவதற்கு மட்டும்கூட இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா வேண்டும். கட்டணம் இல்லை என்றாலும் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் விமான நிலையத்துக்கு உள்ளேயே இருந்து, பெட்டியும் நேராகப் போய்விடுமானால், எந்த விசாவும் தேவையில்லை.

படி 3: இடைத்தங்கலின் நீளத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

டிக்கெட் தளங்கள் மொத்த நேரம் குறைவாக உள்ளதையே முதலில் காட்டும். அதை நம்பி எடுக்காதீர்கள். கணக்கை நாமே போடலாம்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நியூசிலாந்து ஆறரை மணி நேரம் முன்னால். செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் கோடை நேரம் அமலில் இருப்பதால் ஏழரை மணி நேரம். சென்னையில் இரவு பதினொன்றே காலுக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் காலை ஆறு மணி. அங்கிருந்து எட்டு மணி விமானத்தைப் பிடித்தால் ஆக்லாந்தில் இறங்கும்போது இரவு பத்து அல்லது பதினொரு மணி. குடிநுழைவு, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது வெலிங்டனுக்கு விமானம் இருக்காது. விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்கு முந்தைய இரவும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

அதே சிங்கப்பூரில் பகல் முழுவதும் இருந்து, மாலை எட்டு மணி வாக்கில் கிளம்பும் விமானத்தை எடுத்தால், மறுநாள் காலை பத்து, பதினொரு மணிக்கு ஆக்லாந்து. பிற்பகலில் வெலிங்டன். இரவு உணவு நண்பர் வீட்டில். பதினான்கு மணி நேர இடைத்தங்கல் என்று திரையில் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். உண்மையில் அதுதான் இந்தப் பயணத்தின் ஓய்வு நாள். இடைத்தங்கல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் அது வழக்கமாக டிரான்சிட்டாகவே கணக்கிடப்படும். அதற்கு மேல் போனால் ஸ்டாப்ஓவர் ஆகிவிடும், கட்டணமும் மாறக்கூடும்.

ஆக்லாந்தில் மட்டும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வருகிறது.

படி 4: விசாவும் தாள்களும்

நியூசிலாந்து வருகையாளர் விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விசா மின்னணு வடிவில் வரும். கடவுச்சீட்டு, அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். கையிருப்பாக மாதம் ஒன்றுக்கு 1,000 நியூசிலாந்து டாலர் காட்ட வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்ற நண்பர் ஸ்பான்சராக நின்றால், உங்கள் தங்கலுக்கும் செலவுக்கும் திரும்பிப் போவதற்கும் அவர் பொறுப்பேற்கிறார் என்று பொருள். நண்பரிடம் இதைக் கேட்பதற்கு முன் அது வெறும் கையெழுத்து அல்ல என்பதை இருவரும் உணர்ந்திருப்பது நல்லது.

பட்டா, வங்கிக் கடிதம், வேலைச் சான்று போன்றவை தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். விசாக் கட்டணத்தோடு 100 டாலர் பார்வையாளர் வரியும் சேரும். திரும்பி வந்து கவனிக்க உங்களுக்கு இங்கே வேலையோ, குடும்பமோ, நிலமோ இருக்கிறது என்று காட்டும் தாள்களுக்கே அதிக மதிப்பு. பயண நாளுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் நியூசிலாந்துப் பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. அதில் நண்பரின் முழு முகவரியும் கேட்பார்கள். தொலைபேசியில் தேடாமல் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.

பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். நியூசிலாந்தில் விபத்தில் காயமடைந்தால் வருகையாளர்களுக்கும் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் சிகிச்சைச் செலவில் உதவும். காய்ச்சல், மாரடைப்பு போன்ற நோய்களுக்கு அது உதவாது. பெரிய செலவு அங்கேதான் வரும்.

படி 5: சாப்பாடும் இருக்கையும்

சைவ உணவுக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். விமானச் சாப்பாட்டுப் பட்டியலில் ‘இந்து உணவு’ என்று இருப்பது சைவம் அல்ல. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத உணவு என்றுதான் அதற்கு அர்த்தம்; கோழியோ ஆடோ மீனோ வரும். சைவம் வேண்டுமென்றால் ஏ.வி.எம்.எல். என்ற குறியீடு கொண்ட ஆசிய சைவ உணவைத் தேர்ந்தெடுங்கள். பால், முட்டை எதுவும் கூடாது என்பவர்களுக்கு வி.ஜி.எம்.எல். விமானம் கிளம்புவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்னதாக, ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிங்கப்பூர்–ஆக்லாந்து விமானத்துக்கு மட்டுமாவது இருக்கையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தூங்க நினைப்பவர்களுக்கு ஜன்னல் ஓரம், அடிக்கடி எழுந்து நடக்க வேண்டியவர்களுக்கு நடைபாதை ஓரம்.

படி 6: பெட்டியில் எது போகலாம்

நண்பர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் வழக்கம் நமக்கு இல்லை. அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி, ஆவக்காய், முறுக்கு, கறிவேப்பிலை என்று பெட்டி நிறைந்துவிடும். நியூசிலாந்து தன் விவசாயத்தையும் காடுகளையும் காக்க உயிரியல் பாதுகாப்பை மிகக் கண்டிப்பாக நடத்தும் நாடு. பழ ஈ ஒன்று உள்ளே நுழைந்தாலும் அது அவர்களுக்குத் தேசியப் பிரச்சினை. 2015இல் ஆக்லாந்தின் ஒரு புறநகரில் குயின்ஸ்லாந்துப் பழ ஈக்கள் சில பிடிபட்டபோது, அந்தப் பகுதியிலிருந்து பழங்களை வெளியே கொண்டுபோகவே தடை விதித்தார்கள்.

ஆகவே விதி ஒன்றுதான்: உணவுப் பொருள் எதுவானாலும் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளுக்கு அபராதம் கிடையாது. அதிகாரி பார்ப்பார், அனுமதிப்பார் அல்லது எடுத்துவிடுவார். அறிவிக்காமல் பையில் ஓர் ஆப்பிள் இருந்தாலும் 400 டாலர் அபராதம் அங்கேயே விதிக்கப்படும். விமானத்தில் கொடுத்த பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், எலுமிச்சை, தேங்காய், வெற்றிலை, பூ, பச்சை மஞ்சள் கிழங்கு இவற்றை நினைக்கவே வேண்டாம். தேன் அறவே கூடாது. விதைப்பதற்கான விதைகளும் வேண்டாம்; நண்பர் தோட்டம் போட்டிருந்தாலும் கத்தரி விதைப் பொட்டலத்தை எடுத்துப் போகாதீர்கள். பால் இனிப்புகளும் இறைச்சிப் பொருள்களும் சிக்கலானவை என்பதால் நான் எடுத்துப் போவதில்லை. கடையில் வாங்கிய, பொருள் பட்டியல் அச்சிட்ட, பிரிக்காத மசாலாப் பொடிகளும் முறுக்கு, மிக்சர் வகைகளும் பொதுவாகத் தொல்லையில்லாமல் போகும். வீட்டில் அரைத்த பொடி என்றால் என்ன பொருள்கள் சேர்ந்தவை என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். உணவு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். திறந்து காட்டச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடியும்.

மலையேற்றத்துக்குப் பயன்படுத்திய காலணி, கூடாரம் இருந்தால் மண் ஒட்டாமல் கழுவிக் காயவைத்து எடுத்துச் சென்று, அதையும் அறிவியுங்கள்.

மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில் வேண்டும். மூன்று மாதத்துக்குரிய அளவுவரை அனுமதி உண்டு. அன்றாட மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வேண்டாம். பவர் பேங்க்கும் கைப்பையில்தான். சில நிறுவனங்கள் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே இப்போது தடை விதித்திருப்பதால் தொலைபேசியை நிலையத்திலேயே சார்ஜ் செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூரின் மின்செருகி வேறு, நியூசிலாந்தின் செருகி வேறு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்று போதும். கைப்பையில் ஒரு மாற்றுடை கட்டாயம்.

படி 7: சென்னையில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். செக்-இன் கவுன்ட்டரில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். மூன்று போர்டிங் பாஸும் இப்போதே கிடைக்குமா? பெட்டியின் டேக் எந்த ஊர் வரை? பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் அதையும் டேக்கையும் படம் எடுத்து வையுங்கள். பெட்டி தொலைந்தால் நிறம், அளவு, அடையாளம் எல்லாம் சொல்ல அந்தப் படம் உதவும்.

படி 8: சிங்கப்பூரில் ஒரு பகல்

காலையில் இறங்கியதும் முதல் வேலை தூக்கம். சாங்கி விமான நிலையத்தின் டிரான்சிட் பகுதிக்கு உள்ளேயே, சில மணி நேரத்துக்கு மட்டும் அறை கொடுக்கும் விடுதிகள் இருக்கின்றன. குடிநுழைவைக் கடக்க வேண்டியதில்லை. முன்பதிவு செய்துகொண்டு, காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை படுத்துத் தூங்கிக் குளித்துவிடுங்கள். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பயணம் முழுவதற்கும் சேர்த்து நீங்கள் செய்யும் செலவுகளில் இவ்வளவு பலன் தரும் செலவு வேறில்லை.

வெளியே போக ஆசையிருந்தால் வழி உண்டு. செல்லுபடியாகும் நியூசிலாந்து விசா வைத்திருக்கும் இந்தியர்கள், வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் இருக்கலாம். விசாவுக்குக் குறைந்தது ஒரு மாதச் செல்லுபடி பாக்கியிருக்க வேண்டும். தொடர் பயண டிக்கெட் உறுதியாகியிருக்க வேண்டும். அனுமதிப்பதா இல்லையா என்ற முடிவு குடிநுழைவு அதிகாரியின் கையில். சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அதுவும் இலவசம்தான்.

வெளியே போனால் எம்.ஆர்.டி. ரயிலில் லிட்டில் இந்தியா போய்ச் சேருங்கள். தொடாமல் பணம் செலுத்தும் வங்கி அட்டையையே வாயிலில் காட்டி ஏறலாம். பல நிலையங்களில் பெயர் தமிழிலும் எழுதியிருக்கும். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவில், பக்கத்தில் தேக்கா சந்தை, வாழையிலையில் சாப்பாடு. அடுத்த சில வாரங்களுக்கு இப்படிச் சாப்பிடக் கிடைக்காது. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தின் 40 மீட்டர் உயர அருவி குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. பார்ப்பதானால் உள்ளே நுழைவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை, விமானம் ஏறும் வாயிலில் நடக்கும். கடைசி நேரத்தில் வாங்கிய தண்ணீர்ப் புட்டி உள்ளே போகாது. வாயில் மூடுவதற்கு நாற்பது நிமிடமாவது முன்னதாக அங்கே இருங்கள்.

படி 9: நீண்ட விமானத்தில் தூக்கம்

சிங்கப்பூரில் இரவு எட்டு மணி என்றால் நியூசிலாந்தில் நள்ளிரவு. கோடை நேரத்தில் ஒரு மணி. கடிகாரத்தை ஏறியதுமே மாற்றிவிடுங்கள், உடம்பையும் அதற்கேற்ப நடத்துங்கள். நிலையத்திலேயே சாப்பிட்டுவிட்டு ஏறினால், தட்டு வரும்வரை இரண்டு மணி நேரம் விழித்திருக்க வேண்டியதில்லை. இருக்கைப் பட்டையைப் போர்வைக்கு மேலே போட்டுக்கொண்டால் பணிப்பெண் எழுப்ப மாட்டார். விமானத்தின் காற்று பாலைவனக் காற்றைப் போல வறண்டிருக்கும். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள், காபியையும் மதுவையும் தள்ளி வையுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. விழிக்கும்போதெல்லாம் எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

படி 10: ஆக்லாந்து

இந்தப் பயணத்தில் பலரும் குழம்பும் இடம் இதுதான். பெட்டியின் டேக்கில் வெலிங்டன் என்று அச்சிட்டிருந்தாலும், ஆக்லாந்தில் பெட்டியை நீங்களே எடுக்க வேண்டும். நியூசிலாந்தில் முதலில் இறங்கும் நிலையத்தில்தான் சுங்கமும் உயிரியல் பாதுகாப்புச் சோதனையும் நடக்கும். குடிநுழைவு, பெட்டி, பிறகு உணவுப் பை சோதனை, எக்ஸ்ரே. சில நேரம் மோப்ப நாய் வரும், பயப்பட ஒன்றுமில்லை. வழியில் இருக்கும் குப்பைத் தொட்டிகளில், சந்தேகமான பொருளை எந்தக் கேள்வியும் இல்லாமல் போட்டுவிடலாம். அதுதான் கடைசி வாய்ப்பு.

வெளியே வந்ததும் உள்நாட்டு மாற்றத்துக்கான கவுன்ட்டரில் பெட்டியை மறுபடி ஒப்படைத்துவிட்டு, தரையில் போட்டிருக்கும் பச்சைக் கோட்டைப் பின்பற்றி நடந்தால் பத்து நிமிடத்தில் உள்நாட்டு முனையம். இலவசப் பேருந்தும் உண்டு. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் மூன்று மணி நேரம்.

பெட்டி வரவில்லை என்றால் நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே புகார் படிவம் எழுதி, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, பெட்டி சேதமாகியிருந்தால் ஏழு நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். இடைக்காலத்தில் வாங்கிய உடை, பல்துலக்கி எல்லாவற்றின் ரசீதுகளையும் வைத்திருங்கள்.

படி 11: வெலிங்டனும் முதல் இரண்டு நாளும்

வெலிங்டன் விமான நிலையம் இரண்டு விரிகுடாக்களுக்கு நடுவே ஒரு குறுகிய நிலத்துண்டில் இருக்கிறது. நாட்டின் இரண்டு பெரிய தீவுகளுக்கு நடுவிலுள்ள குக் நீரிணையின் காற்று விமானத்தை இறங்கும்போது நன்றாகக் குலுக்கும். அங்கே அது வழக்கமான இறக்கம்தான். விமானிகள் அதற்குப் பழகியவர்கள். காற்று மிகுந்தால் விமானம் ரத்தாவதும் உண்டு. அதனால் அன்று இரவே விருந்து என்று நண்பரை ஊர் கூட்ட விடாதீர்கள்.

கிழக்கு நோக்கிப் போகும்போது உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவுக்குத்தான் நகரும். காலை வெளிச்சத்தில் நடப்பது அதற்கு நல்ல மருந்து. நண்பரோடு கடற்கரையோரம் நடந்துவிட்டு வாருங்கள். சன்ஸ்கிரீன் பூசாமல் போகாதீர்கள். அங்கே வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் புற ஊதாக் கதிர் கடுமையானது. பகலில் கண் சொருகினால் அரை மணி நேரம் போதும். நண்பரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: முதல் இரண்டு நாள் இரவு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன், மூன்றாம் நாளிலிருந்து விடிய விடியப் பேசலாம்.

திரும்பும் வழி

திரும்பும்போது கணக்கு மாறும். மேற்கு நோக்கிப் போவதால் உடம்பு எளிதாகப் பழகும். ஆகவே சிங்கப்பூரில் நீண்ட இடைத்தங்கல் வேண்டியதில்லை. ஒரே டிக்கெட்டில், பெட்டி நேராகப் போகும்போது இரண்டு மூன்று மணி நேரம் போதும். நண்பகலில் ஆக்லாந்தில் கிளம்பினால் சிங்கப்பூரில் மாலை, அன்று இரவே சென்னை. ஆனால் நீங்கள் இறங்கும் இரவு பத்தரை மணி உங்கள் உடம்புக்கு விடியற்காலை ஐந்து, ஆறு மணி. மதுரைக்கோ நெல்லைக்கோ அந்த இரவே கார் ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். சென்னையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ரயிலில் போங்கள்.

வெலிங்டனிலிருந்து ஆக்லாந்துக்கு வரும் விமானத்தை மட்டும் காலை முதல் விமானமாக எடுங்கள். காற்றால் அது ரத்தானாலும் அடுத்ததைப் பிடிக்க நேரம் இருக்கும். நண்பர் அன்பாகக் கொடுக்கும் மானுகா தேன் புட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் தேனும் திரவக் கணக்கில்தான் சேரும், 100 மில்லிக்கு மேல் போனால் எடுத்துவிடுவார்கள். துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள்.